தொல்லியல் படிக்க நினைக்கும் மகள்: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல்–கணிதப் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்ற மகள், பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க மறுத்துத் தொல்லியல்தான் படிப்பேன் என்று நிற்பதாகவும், பள்ளியிலிருந்து கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றதில்தான் இந்த வினை தொடங்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்ற தங்கள் கேள்விக்கு ஒரே சொல்லில் ‘கிடைக்கும்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்திய தொல்லியல் ஆய்வகத்துக்கான (ஏ.எஸ்.ஐ.) அதிகாரிகளை மத்தியப் பணியாளர் தேர்வாணையமும், மாநிலத் தொல்லியல் துறைக்கான அலுவலர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் அந்த அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை, வரும்போதும் பணியிடங்கள் சிலவே. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’டில் தொல்லியல் தனிப்பாடமாகவே இருக்கிறது என்றாலும், அதைக் கற்பிக்கும் கல்லூரிகள் குறைவு. இதற்கிடையில் திட்டப் பணியாளராகத் தொகுப்பூதியத்தில் சில ஆண்டுகள் கழிவது இத்துறையில் இயல்பு. இதைத் தங்கள் மகளிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இருப்பினும் தங்கள் அச்சத்தில் பாதி ஒரு தவறான எண்ணத்திலிருந்து வருகிறது. தொல்லியல் படிக்க வேண்டுமென்றால் இன்றே பிற கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு அதற்குள் நுழைய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நம் நாட்டில் இது பெரும்பாலும் முதுகலையில் தொடங்கும் படிப்பு. புனேயின் டெக்கான் கல்லூரி, எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவரையும் தொல்லியல் முதுகலைக்கு ஏற்றுக்கொள்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறையும், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறையும் இருக்கின்றன. ஆகவே இப்போது முடிவு செய்ய வேண்டியது இளநிலைப் பாடம் எது என்பது மட்டுமே. என் கருத்தைக் கேட்டால், வரலாற்றைவிட நிலவியலையோ தாவரவியலையோ எடுக்கச் சொல்வேன். வரலாற்றுத் துறை நண்பர்கள் என்மீது கோபப்படுவார்கள், பரவாயில்லை.

காரணம் இதுதான். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டதும், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று அறியப்பட்டதும் ஆய்வகங்களில். அந்த நெல் எந்த வகை, அருகே கிடந்த எலும்பு மாட்டினுடையதா மானினுடையதா, பானைக்கு மண் எங்கிருந்து வந்தது, இரும்பை எந்த வெப்பத்தில் உருக்கினார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் உயிரியலும் நிலவியலும் வேதியியலும் தெரிந்தவர்தான் விடை தேட வேண்டும். வரலாறு படித்து வருபவர்கள் பலர். இந்த வேலைக்கு ஆள் குறைவு. தங்கள் மகள் படித்த உயிரியல் வீணாகிவிடும் என்று தாங்கள் வருந்துகிறீர்கள். எனக்கோ அதுதான் அவருடைய கைமுதலாகத் தெரிகிறது.

அடுத்தது எழுத்து. அறிவியல் பட்டத்தோடு தமிழி (தமிழ் பிராமி), வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் எந்த அகழாய்வுக் குழுவுக்கும் வேண்டியவராகிவிடுவார். இதை மூன்றாண்டு இளநிலைக் காலத்திலேயே விடுமுறைகளில் கற்கலாம். கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுக்கும் மைப்படி எடுப்பதை ஒருமுறை அவர் நேரில் பார்க்க வேண்டும். கல்லைத் தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டித் தட்டிப் பதித்து, ஈரம் சற்று உலர்ந்ததும் துணிப்பந்தால் மையை ஒற்றுவார்கள். தாள் கருமையாகி, எழுத்து மட்டும் வெள்ளையாக எழும். அந்தக் காட்சியில் மயங்காதவர்கள் குறைவு. ஆனால் அகழாய்வுக் குழியருகே நாள் முழுதும் உட்கார்ந்து பானை ஓடுகளைக் கழுவி, உலர்த்தி, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் இடம், ஆண்டு, குழி, மண்ணடுக்கு ஆகியவற்றைப் பொடி எழுத்தில் குறிப்பதில் மயங்குபவர்கள் அதைவிடக் குறைவு. கிடைப்பவற்றில் பெரும்பகுதி குறியீடு எதுவும் இல்லாத வெறும் ஓடுகள்தான். சூது பவள மணிகளும் தங்கமும் கிடைத்ததைச் செய்தித்தாளில் பார்த்து வருபவர்கள் இந்த இடத்தில்தான் சலித்துத் திரும்புகிறார்கள். எனவே முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன், ஒரு அகழாய்வுக் களத்தில் சில வாரங்களாவது தன்னார்வலராக இருக்க வழியுண்டா என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

கிரேக்கமும் லத்தீனும் படிக்க இங்கிலாந்து செல்லலாமா என்றும் மகள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அது வெறும் கனவல்ல. வியன்னாவில் உள்ள, சேர நாட்டுத் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகம் பற்றிய பாப்பிரஸ் தாள் ஒப்பந்தம் கிரேக்க மொழியில் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் கிடைத்த பானை ஓட்டிலோ ‘பானை ஒறி’ (பானை வைக்கும் உறி) என்று தமிழி எழுத்தில் பொறித்திருக்கிறது. இவ்விரண்டையும் மூலத்திலேயே படிக்கக்கூடிய ஒருவர் புதுச்சேரி அருகே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டின் ஆய்வுக்குக் கொண்டுவரக்கூடியது நிறைய. ஆனால் இளநிலைக்கே கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். காமன்வெல்த், ஃபெலிக்ஸ் போன்ற உதவித்தொகைகள் முதுகலைக்கும் ஆய்வுக்கும் கிடைக்கின்றன. அதற்குள் கிரேக்க எழுத்தையும் அடிப்படை இலக்கணத்தையும் இணையவழியில் கற்று, ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதுகலைக்குப் பின் செய்யத்தக்க ஒன்று, இந்திய தொல்லியல் ஆய்வகம் கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம். 2020இல் அதற்குத் தகுதியாக ஏற்கப்படும் முதுகலை மொழிப் பாடங்களில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பின் சேர்க்கப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும். ஆண்டுக்கு ஆண்டு தகுதி விதிகள் மாறலாம் என்பதால் அவ்வப்போது வரும் அறிவிக்கையை வரிவரியாகப் படிக்க வேண்டும். பிறர் சொல்லக் கேட்டு விண்ணப்பிக்கக் கூடாது.

இப்போதைக்கு நிலவியல் இளநிலைக்கு இரண்டு, தாவரவியலுக்கு ஒன்று என விண்ணப்பம் போடுங்கள். மூன்றாண்டில் மகளின் மனம் மாறினால் அந்தந்தப் பாடத்தின் முதுகலை காத்திருக்கிறது. நிலத்தடி நீரிலும் சுரங்கத்திலும் நிலவியல் படித்தவருக்கு வேலை உண்டு. மாறாவிட்டால், புனேக்கு இரயில் பயணச்சீட்டு எடுக்கும்போது எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.