பத்மநாபபுரம் அரண்மனை: திங்கட்கிழமை வேண்டாம்!

கேள்வி: நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு கல்யாணம். சனிக்கிழமை அதிகாலையே போய்ச் சேர்ந்துவிடுவோம். திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று எண்ணம். மூட்டுவலியோடு 72 வயது அம்மாவும், ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிற இரண்டு பெண்களும் கூட வருகிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை போய் இருபதே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். ‘பழைய மரவீடு, இதுக்கா இவ்வளவு தூரம்?’ என்றார் என் கணவர். எப்படிப் பார்த்தால் பார்த்த மாதிரி இருக்கும்?

பதில்: முதலில் நாளை மாற்றுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. பூட்டிய கதவின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிய குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை காலை 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். ஒரு மணிக்கு அடைத்தால் இரண்டு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். நாகர்கோவில் - திருவனந்தபுரம் சாலையில் தக்கலையில் இறங்கினால் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், ஆட்டோ கிடைக்கும். இடம் குமரி மாவட்டம் என்றாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-ல் மாவட்டம் நம் பக்கம் வந்தது, அரண்மனை அவர்கள் பொறுப்பிலேயே நின்றுவிட்டது.

இனி உங்கள் கணவரின் அலுப்புக்கு வருகிறேன். அரண்மனை என்றதும் பளிங்கும் தங்க முலாமும் சரவிளக்கும் தேடுகிற கண்ணுக்கு இங்கே ஒன்றும் தட்டுப்படாது. இங்கிருந்து ஆண்ட வேணாட்டு (பின்னாளில் திருவிதாங்கூர்) மன்னர்கள் காசைக் கொட்டியது விட்டத்திலும் தரையிலும். அதனால் ஒவ்வொரு அறையிலும் முதலில் அண்ணாந்து பாருங்கள், அடுத்துக் குனிந்து பாருங்கள். நடுவில் இருக்கும் சாமான்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்புக் கூடம். அதன் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் இன்னொன்று கிடையாது. ஒரே மாதிரி இரண்டு பூ கண்டுபிடித்தால் ஐஸ்கிரீம் என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டுங்கள், உங்களுக்குக் கால்மணி நேரம் நிம்மதி. அங்கேயே தொங்கும் குதிரை விளக்கையும் காட்டுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே நிற்கும் என்பார்கள். தொட்டுப் பார்க்க விடமாட்டார்கள்.

அதற்கு மேலே மந்திரசாலை. மன்னர் ஆலோசனை நடத்திய கூடம். போன தடவை நீங்கள் கவனிக்காமல் தாண்டி வந்தது இந்த அறையைத்தான் என்று நினைக்கிறேன். ஜன்னல்களில் வண்ண அபிரக (மைக்கா) தகடுகள். வெளியே வெயில் ஏற ஏற உள்ளே மங்கலாக வண்ண வெளிச்சம் விழும், அறை மட்டும் குளுகுளுவென்று இருக்கும். கால் வைக்கும் கருந்தரை சுண்ணாம்பு, மணல், சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது. சிமென்ட் தெரியாத காலத்துத் தரை, இன்றும் முகம் தெரிகிற பளபளப்பு. போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள்.

பிறகு வரும் ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடம் இரண்டு தளம், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். கல்யாணப் பந்தி பார்த்த பிள்ளைகளுக்கு அந்த நீளம் சட்டென்று புரியும். தாய்க்கொட்டாரம் (தாய் அரண்மனை) இருப்பதிலேயே பழசு, 1550 வாக்கில் கட்டியது. அங்குள்ள பலாமரத் தூணில் செதுக்கல் வேலையை அவசரப்படாமல் பாருங்கள். உப்பரிகை மாளிகையில் மூலிகை மரத்துண்டுகளால் செய்த மன்னரின் கட்டில் இருக்கிறது. அந்த மாளிகையின் உச்சித் தளம் பூஜை அறை, சுவரெல்லாம் ஓவியம், ஆனால் பொதுவாக நம்மை விடுவதில்லை. ஊழியரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை.

அம்மா விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: மாடிக்கு ஏற்றாதீர்கள். படிகள் குறுகல், செங்குத்து, வாசல் நிலைகள் தாழ்வு. செருப்பையும் வெளியே விட வேண்டும், பத்தரை பதினொன்றுக்கு மேல் முற்றத்துக் கல் காலைச் சுடும். படியேறாமல் எதெல்லாம் பார்க்கலாம் என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நவராத்திரி மண்டபத்தின் கற்றூண்களும் அங்குள்ள சரஸ்வதி சன்னதியும் அவருக்குப் பிடிக்கும். கம்பர் வழிபட்ட சரஸ்வதி என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. நவராத்திரிக்கு அந்த அம்மன் வேளிமலை முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனோடும் திருவனந்தபுரம் போய் வருவாள். திருவிதாங்கூரின் தலைநகர் 1795-ல் இங்கிருந்து அங்கே மாறிப்போனாலும் கொலுவிருக்க இங்கிருந்துதான் எழுந்தருள்கிறாள்.

நிதானமாகப் பார்த்தால் இரண்டு மணி நேரம் ஆகும். நாகர்கோவில் திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் உள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது. தமிழ்ப் பகுதியை ஏழாவது படிக்கிறவளை வாசிக்கச் சொல்லுங்கள்.