ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர் நாகர்கோவிலில் வக்கீலாக முடியுமா?

தாராளமாக முடியும். பட்டம் கையில் இருந்தால் மூன்று வருட சட்டப்படிப்பு போதும்; பக்கத்துத் திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அப்புறம் பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. பென்ஷன் வாங்குவது இதற்குத் தடையில்லை.

நம் குமரி மாவட்டத்துக்கு இப்படிப்பட்ட வக்கீல்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும். டிஸபிலிட்டி பென்ஷன் (பணியால் வந்த நோய், காயத்துக்குத் தரும் பென்ஷன்) மறுக்கப்பட்ட ஜவானின் மருத்துவ வாரியத் தாளில், நோய் பணியால் வந்ததல்ல என்று ஒரே வரிதான் இருக்கும். ஆனால் படையில் சேரும்போது அந்த நோய் பதிவாகவில்லை என்றால், பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு. படையில் இருந்த வக்கீலுக்கு அந்தத் தாளைப் பார்த்ததுமே விஷயம் பிடிபட்டுவிடும். ஆனால் ஒன்று, இந்த வழக்கை நாகர்கோவில் கோர்ட்டில் போட முடியாது. சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும்.