பத்து வருடத்துக்கு ஒரு சர்வாதிகாரி வேண்டும் என்று எழுதியவர்

கேள்வி: 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது ஜெர்மனியின் பழமைவாத அரசியல்வாதிகள் எல்லோரும் துணைபோனவர்கள்தானா? எதிர்த்தவர்கள் யாராவது உண்டா?

பாப்பன், ஹூகன்பெர்க் பெயர்களைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இருவரும் ஹிட்லரின் முதல் அமைச்சரவையில் இருந்தவர்கள். ஆனால் பெர்லினை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. மாநிலங்களையும் பார்க்க வேண்டும்.

சில வருடங்கள் நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்த்தேன். நகர மையத்தில் கோனிக்ஸ்பாவ் என்ற பழைய கட்டடத்தை ஒட்டி, ஹிர்ட்லிச்கா என்ற சிற்பி செய்த கல் நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் போவேன். பல மாதம் கழித்து ஒருநாள் நின்று பெயரைப் படித்தேன்: ஒய்கேன் போல்ட்ஸ். அன்றிலிருந்து இந்த மனிதரை விடாமல் படித்துவருகிறேன்.

நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ரோட்டன்பர்க் ஊரில் 1881 டிசம்பர் 15 அன்று, பிள்ளைகள் நிறைந்த ஒரு வியாபாரி வீட்டில் பிறந்தார். சட்டம் படித்தார். கத்தோலிக்கர்களின் கட்சியான மையக் கட்சியில் சேர்ந்து, 1912இல் பெர்லின் நாடாளுமன்றம், ஸ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்ட வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தின் சட்டமன்றம் இரண்டுக்கும் தேர்வானார். முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் மாநில நீதி அமைச்சர், 1923இல் உள்துறை அமைச்சர், 1928 ஜூனில் மாநிலத் தலைவர். அந்தப் பதவிக்கு அங்கே ‘அரசுத் தலைவர்’ என்று பெயர். நம் முதலமைச்சர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்துறையையும் அவரே கடைசிவரை வைத்துக்கொண்டார். புராட்டஸ்டன்டுகள் பெரும்பான்மையாக இருந்த மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கர் அந்த இடத்துக்கு வந்தது சாதாரண விஷயமில்லை.

கட்சியின் பெயரில் ‘மையம்’ இருந்தாலும் ஆள் நல்ல வலதுசாரி. சமூக ஜனநாயகக் கட்சியோடு சேர்வதைவிட, ஜெர்மன் தேசியவாதிகளோடு கூட்டணி வைப்பதே அவருக்கு இயல்பாக இருந்தது. கம்யூனிஸ்டுகள் மீது கடுமையாக இருந்தார். ஒழுங்கு, சட்டம், சிக்கனம், தேவாலயம் இவைதான் அவருடைய உலகம்.

நாடாளுமன்றத்தின் மீது அவருக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. 1930இல் மனைவி மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டின் கடினமான பிரச்சினைகளை நாடாளுமன்றத்தால் தீர்க்க முடியாது, பத்து வருடத்துக்கு ஒரு சர்வாதிகாரி கிடைத்தால் நல்லது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். முதன்முதலில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், இருபதுகளில் நானும் நண்பர்களிடம் இதே பேச்சைப் பேசியிருக்கிறேன், நல்லெண்ணத்தோடுதான் பேசினேன். அவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். அவர் மனதில் இருந்தது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட, கண்டிப்பான ஒரு நிர்வாகி. மூன்று வருடத்தில் வந்தவர் வேறு ஆள்.

1932 ஏப்ரல் தேர்தலில் வூர்ட்டெம்பெர்க் சட்டமன்றத்தின் 80 இடங்களில் நாஜிகள் 23ஐப் பிடித்தார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் போல்ட்ஸின் அரசு காபந்து அரசாகவே தொடர்ந்தது. அந்த ஜூலை 20 அன்று, அப்போது ஜெர்மனியின் சான்சலராக (பிரதமர் போல) இருந்த பாப்பன், நாட்டின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசை ஒரே அடியில் தூக்கி எறிந்தார். பவேரியாவும் பாடனும் அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போயின. வூர்ட்டெம்பெர்க் அந்த வழக்கில் சேரவில்லை. போல்ட்ஸ் செய்த பெரிய பிழை இதுதான் என்பது என் கருத்து. பிரஷ்யாவில் கவிழ்ந்தது சமூக ஜனநாயகவாதிகள் தலைமையிலான கூட்டணி அரசு. தன் வீட்டுக் கதவை அதே கை தட்டும் என்று அவர் அப்போது நினைத்ததாகத் தெரியவில்லை.

1933 பிப்ரவரி 15 அன்று ஹிட்லர் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தார். நாஜிகளால் கிறிஸ்தவத்துக்கு ஆபத்து என்று போல்ட்ஸ் பேசியிருந்தார். பதினான்கு வருடம் நாத்திக மார்க்சியவாதிகளோடு கைகோத்த கட்சிக்கு அதைச் சொல்லத் தகுதி உண்டா என்று ஹிட்லர் மேடையில் பெயர் சொல்லியே தாக்கினார். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. நடுவில் சத்தம் நின்றுபோனது. உள்ளூர் கம்யூனிஸ்ட் இளைஞர்கள் கோடாலியால் கேபிளை வெட்டிவிட்டார்கள். போல்ட்ஸின் போலீஸ் விரட்டிக்கொண்டிருந்த கட்சியின் பிள்ளைகள் அவர்கள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மார்ச் 5இல் நாடாளுமன்றத் தேர்தல். மூன்றே நாளில் மாநிலக் காவல் துறையை பெர்லின் அனுப்பிய ஆணையர் எடுத்துக்கொண்டார். 15ஆம் தேதி நாஜிக் கட்சியின் வில்ஹெல்ம் முர் மாநிலத் தலைவரானார். 23ஆம் தேதி ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கட்சிக்குள் நடந்த விவாதத்தில் அதற்கு எதிராக நின்ற சிறுபான்மையில் போல்ட்ஸும் ஒருவர். ஆனால் அவையில் கட்சிக் கட்டுப்பாட்டுக்காக ஆதரவாக வாக்களித்தார். ஆதரவாக 444, எதிராக 94. அந்த 94ம் சமூக ஜனநாயகவாதிகள். இந்த இடத்தில் அவருக்காக நான் வாதாட மாட்டேன். அன்று அவர் தவறிவிட்டார்.

ஜூன் 19 அன்று ரகசியப் போலீஸ் அவரை ஸ்டுட்கார்ட்டில் விசாரணைக்கு அழைத்தது. வாசலில் திரட்டிவைத்த கும்பல் அவரைக் கேவலப்படுத்தியது. பத்து வருடம் அந்த மாநிலத்தின் காவல் துறைக்கே அமைச்சராக இருந்தவர் அவர். ஹோஹனாஸ்பெர்க் கோட்டைச் சிறையில் சில வாரம் இருந்துவிட்டு வெளியே வந்தபோது அவருடைய கட்சியே இல்லை. ஜூலை 5இல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டிருந்தது.

இதற்குப் பிந்தைய வருடங்கள்தான் என்னை அவரிடம் இழுத்தவை. பதவியும் கட்சியும் போன ஐம்பது வயதுக்காரர் வரி ஆலோசகராகப் பிழைப்பை ஓட்டினார். பாய்ரோன் துறவி மடத்துக்குப் போவார், திருச்சபையின் சமூகப் போதனைகளைப் படிப்பார், எழுதுவார். அரசு தன் அதிகாரத்தை வெளிப்படையாகவும் தொடர்ந்தும் தவறாகப் பயன்படுத்தினால் மக்களுக்குத் தற்காப்பு உரிமை உண்டு என்று 1934இல் எழுதினார். எழுதியது ஒரு புரட்சிக்காரர் என்றால் வியப்பில்லை. வாழ்நாள் முழுதும் அரசுக்குக் கீழ்ப்படியச் சொன்னவர், தன் நம்பிக்கையைக் கைவிடாமல், அதன் வழியாகவே நடந்து இந்த முடிவுக்கு வந்தார்.

1941-42 குளிர்காலத்தில் லைப்சிக் நகர முன்னாள் மேயர் கார்ல் கோர்டலர் அவரைத் தேடி வந்தார். அவரும் பழமைவாதிதான். ஹிட்லருக்குப் பின் அமையும் அரசில் அமைச்சராகச் சம்மதமா என்று கேட்டார். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது தெரிந்தே போல்ட்ஸ் சம்மதித்தார்.

ஹிட்லரைக் கொல்ல 1944 ஜூலை 20 அன்று சதிக் குழு வைத்த குண்டில் அவர் தப்பினார். ஆகஸ்ட் 12 அன்று போல்ட்ஸ் கைதானார். கோர்டலர் பிடிபட்டதும் அதே நாளில்தான். டிசம்பர் 21 அன்று, அரசியல் எதிரிகளைத் தண்டிக்க நாஜிகள் வைத்திருந்த ‘மக்கள் நீதிமன்றம்’ போல்ட்ஸுக்கு மரண தண்டனை கொடுத்தது. 1945 ஜனவரி 23 அன்று பெர்லின் ப்ளோட்சென்ஸே சிறையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. போர் முடிய நான்கு மாதம்கூட இல்லை.

அவருக்குக் கல்லறை கிடையாது. அதனால்தான் நான் ஸ்டுட்கார்ட்டில் இருந்தவரை, ஜனவரி 23 வந்தால் அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன்.