பென்சில்வேனியாவில் கிராமத்துப் பக்கம் வீடு. கூரையில் ஆன்டெனா இருந்தும் 6, 8, 27 சேனல்கள் மட்டும் வரவில்லை. என்ன செய்வது?

லங்காஸ்டருக்கு வெளியே சோளக்காடுகளுக்கு நடுவே வீடு, ஆன்டெனா கிழக்கே ஃபிலடெல்ஃபியாவைப் பார்த்துக் கட்டியிருக்கிறது, மற்ற சேனல்கள் ஓரளவு வருகின்றன, சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் வாங்கிப் போட்ட பிறகு வந்துகொண்டிருந்தவையும் கட்டம் கட்டமாக உடைகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே மாநிலத்தில் பல வருடமாக ஆன்டெனாவை மட்டும் நம்பி டிவி பார்ப்பவன். நண்பர்கள் வீட்டுக் கூரைகளிலும் ஏறியிருக்கிறேன். முதலில் அந்த ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த மூன்று எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. டிவி திரையில் தெரியும் எண் வேறு, கோபுரத்திலிருந்து கிளம்பும் அலைவரிசை வேறு. 2009 ஜூன் 12 அன்று பெரிய நிலையங்கள் அனலாகை நிறுத்தி முழுக்க டிஜிட்டலுக்கு மாறின. அப்போது பல நிலையங்கள் யுஹெச்எஃப் என்கிற உயர்ந்த அலைவரிசைகளின் பக்கம் போய்விட்டாலும், மக்களுக்குப் பழகிய பழைய எண்ணைத் திரையில் மட்டும் வைத்துக்கொண்டன. அப்புறம் 36க்கு மேலிருந்த அலைவரிசைகளைச் செல்பேசிக்காக ஏலம் விட்டதில் இன்னொரு சுற்று இடமாற்றம் நடந்து, 2020 கோடையில் முடிந்தது. ஆகவே எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உங்கள் விஷயத்தில், ஃபிலடெல்ஃபியாவின் 6 உண்மையிலேயே 6ஆம் அலைவரிசையில் வருகிறது. லங்காஸ்டரின் 8 உண்மையிலேயே 8இல் வருகிறது. ஹாரிஸ்பர்க்கின் 27 பெயருக்குத்தான் 27, நிஜத்தில் 10. மூன்றுமே விஹெச்எஃப், அதாவது 13 வரையிலான தாழ்ந்த அலைவரிசைகள். உங்களுக்கு வருகிற மற்றவை பெரும்பாலும் யுஹெச்எஃப்பாகத்தான் இருக்கும். ராபிட்இயர்ஸ் தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் ஒவ்வொரு நிலையத்தின் உண்மையான அலைவரிசை, தூரம், திசை, எதிர்பார்க்கும் சிக்னல் அளவு எல்லாம் வரிசையாக வரும். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் ஒரு டாலர்கூடச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்து ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போய், ஆன்டெனாவில் இருப்பதிலேயே நீளமான குச்சியை முனைக்கு முனை அளந்து பாருங்கள். அலைநீளத்தில் பாதி என்பதுதான் கணக்கு. யுஹெச்எஃப்புக்கு ஒரு அடி போதும். 8ஆம் அலைவரிசைக்கு ஏறத்தாழ 2.7 அடி வேண்டும். 6க்கு 5.5 அடிக்கு மேல் போகும். நீளமான குச்சியே ஒன்றேகால் அடிதான் என்றால், பெட்டியின்மேல் 200 மைல் என்று அச்சடித்திருந்தாலும் அதற்கு விஹெச்எஃப்பை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. சொல்லப்போனால் அந்த 200 மைல் என்பதே நம்பக்கூடியதல்ல. பூமி வளைந்திருக்கிறது. சமதரையில்கூட 60, 70 மைலுக்கு அப்பால் கோபுரம் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

திசையும் சேர்ந்து கெடுக்கிறது. 8இன் கோபுரம் உங்களுக்கு மேற்கே, சஸ்குவெஹானா ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார்க் கவுன்டியில் இருக்கிறது. ஹாரிஸ்பர்க் வடமேற்கே. இரண்டுக்கும் உங்கள் ஆன்டெனா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. திருப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் பகுதியில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து ஏறத்தாழ 12 டிகிரி மேற்கே விலகி நிற்கும். தளத்தில் தரும் உண்மை வடக்குக் கோணத்தையே பின்பற்றுங்கள், செல்பேசித் திசைகாட்டியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஆம்ப்ளிஃபையர். ஆன்டெனா பிடிக்காத சிக்னலை அதனால் உண்டாக்க முடியாது. நீளமான கேபிளிலும், ஒரு கேபிளைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரிலும் போகும் இழப்பை ஈடுகட்டத்தான் அது. வழக்கமான ஆன்டெனா கேபிளான ஆர்ஜி-6இல் 100 அடிக்கு யுஹெச்எஃப்பில் 6 டெசிபெல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) அளவுக்குப் போகும், இரண்டு வழி ஸ்ப்ளிட்டரில் இன்னொரு 3.5. அருகில் பலமான கோபுரம் இருக்கும்போது மிக அதிகமாகப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் அது திணறிப்போய் எல்லா சேனலையும் சேர்த்துக் கெடுக்கும். உங்களுக்குக் கட்டம் கட்டமாக உடைவது பெரும்பாலும் இதனால்தான். இன்னொன்று: 6ஆம் அலைவரிசை முடிகிற 88 மெகாஹெர்ட்ஸில்தான் எஃப்எம் ரேடியோ தொடங்குகிறது. பல ஆம்ப்ளிஃபையர்களுக்குள் எஃப்எம்மைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும், அது 6ஐயும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஆகவே ஆம்ப்ளிஃபையர், ஸ்ப்ளிட்டர் எதுவும் இல்லாமல், ஆன்டெனாவிலிருந்து ஒரே கேபிளை நேராக ஒரு டிவிக்குக் கொடுத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். டிவியின் சிக்னல் திரையில் பலத்தைவிடத் தரம் என்ற அளவையே பாருங்கள். டிஜிட்டலில் பழைய காலத்துப் புள்ளிப் படம் கிடையாது. தரம் ஒரு எல்லைக்குக் கீழே போனால் படமே போய்விடும்.

அதிலும் சரியாக வராவிட்டால் வெளியில் இருக்கும் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், சுற்றியுள்ள வெள்ளை நுரை பழுப்பாகியிருந்தால், தண்ணீர் உள்ளே போய்விட்டது. அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்காமல் முழுக் கேபிளையே மாற்றிவிடுங்கள். புதுக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

மாலையில் மட்டும் சேனல் போகிறதென்றால் வீட்டு எல்இடி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான எல்இடிகளின் மின்னிரைச்சல் விஹெச்எஃப்பைத்தான் முதலில் அடிக்கும். கோடையில் விடியற்காலையிலும் அந்தியிலும் மட்டும் வந்து போகும் தொல்லை என்றால், காற்றடுக்குகளில் வளைந்து எங்கோ தூரத்து நிலையம் உங்கள் அலைவரிசையில் வந்து விழுகிறது. அதற்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கம்பத்தையும் கேபிளையும் 10 கேஜ் தடிமனுள்ள செம்புக் கம்பியால் வீட்டின் எர்த்தோடு இணைக்காமல் விடாதீர்கள். மின்கம்பி பக்கத்தில் ஏணியே வேண்டாம்.

என்ன வாங்குவது என்றால், யுஹெச்எஃப்பும் 7 முதல் 13 வரையிலான மேல் விஹெச்எஃப்பும் சேர்ந்த ஆன்டெனா ஒன்றை வாங்கி மேற்குக்கும் வடமேற்குக்கும் இடையே திருப்புங்கள். 8உம் 27உம் வருவதற்கு அதுவே போதும். ஃபிலடெல்ஃபியாவின் மற்ற சேனல்கள் வேண்டுமானால் கிழக்கே பார்க்கும் பழைய ஆன்டெனாவைத் தனிக் கேபிளில் வைத்துக்கொள்ளலாம். 6க்காக மட்டும் அவ்வளவு பெரிய ஆன்டெனாவைக் கூரையில் ஏற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். 6, 27 இரண்டுமே ஏபிசி என்ற ஒரே தேசிய நெட்வொர்க்கின் நிலையங்கள். ஃபிலடெல்ஃபியாவின் உள்ளூர்ச் செய்திதான் வேண்டும் என்றால் ஒழிய, 27 வந்துவிட்டால் நான் 6ஐ விட்டுவிடுவேன்.