டாக்டர் பக்கம்: பத்து மணி வரை வார்டிலேயே இருந்தால்தான் நல்ல டாக்டரா?

கேள்வி: என் மகள் வேலூரில் எம்.டி. பொது மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். காலை 7 மணிக்கு வார்டுக்குப் போனால் ஹாஸ்டலுக்குத் திரும்ப இரவு 10 ஆகிறது. அதற்குப் பிறகும் போன் ஓய்வதில்லை. கேட்டால், "இப்ப ஒடம்பப் பாத்தா பெரிய டாக்டரா வர முடியாதும்மா" என்கிறாள். அப்படித்தானா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: பாதி சரி. நோயாளி பக்கத்தில் நிற்காமல் வைத்தியம் வராது. தங்கள் பிரிவு புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் யாராலும் நேரத்துக்குக் கிளம்பவும் முடியாது. மற்ற நாட்களிலும் 10 மணி ஆகிறதென்றால், அந்த நேரம் பெரும்பாலும் படிப்பில் போவதில்லை. ரிசல்ட்டுக்காக லேபுக்கு அலைவதிலும் டிஸ்சார்ஜ் சம்மரி (நோயாளி வீடு திரும்பும்போது கொடுக்கும் சிகிச்சைக் குறிப்பு) எழுதுவதிலும்தான் போகிறது.

சம்மரியை நோயாளி அட்மிஷன் ஆன அன்றே தொடங்கிவிடச் சொல்லுங்கள். தினமும் ரவுண்ட்ஸ் முடிந்ததும் இரண்டு வரி சேர்த்தால் போதும். கடைசி நாள் மாலை உட்கார்ந்து எழுதினால், காட்பாடியில் ரயில் பிடிக்க வேண்டிய வெளிமாநிலக் குடும்பம் மேஜையைச் சுற்றி நிற்கும்; அவசரத்தில் மருந்தளவு தப்பாக விழும்.

போன் ஓயாததற்குக் காரணம் வேறு. "பெண்டிங் ஒண்ணுமில்ல" என்று வாயால் சொல்லிவிட்டுக் கிளம்பினால், நைட் டூட்டிக்காரர் பத்து தடவை கூப்பிடத்தான் செய்வார். ஹேண்ட்ஓவரை, அதாவது அடுத்த டூட்டிக்காரரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதை, கேன்டீனில் அல்ல, படுக்கை படுக்கையாக நடந்து, எழுதிக் கொடுக்க வேண்டும். உதாரணமாக: "7-ஆம் படுக்கை, சர்க்கரை நோயாளி, காலில் செல்லுலைட்டிஸ் (தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று), ஆன்டிபயாடிக் இரண்டாம் நாள். 8 மணிக்கு கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் வரும். காலையில் 1.4, அதைவிட ஏறியிருந்தால் அடுத்த டோஸுக்கு முன் சீனியரைக் கேட்கவும்." நோய், பாக்கி வேலை, நிலைமை மாறினால் செய்ய வேண்டியது – மூன்றும் வந்துவிட்டன. கேட்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம்; ஆனால் அதன்பின் போனை மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கலாம்.

விதியையும் உங்கள் மகள் தெரிந்துகொள்ளட்டும். ரெசிடென்ட்களின் (உங்கள் மகளைப் போல ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களின்) தொடர் பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு) விதிமுறைப்படி வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. வேலை இடம் கொடுத்தால் வாரம் ஒரு நாள் ஓய்வும் உண்டு. எழுத்தில் இருப்பதெல்லாம் வார்டில் அப்படியே நடக்காது. ஆனாலும் விடுப்பைச் சலுகை போலத் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

கடைசியாகக் கிளம்புகிறவரே சிறந்த டாக்டர் என்ற எண்ணம் நம் ஆஸ்பத்திரிகளில் ஊறிப்போனது. மறுநாள் காலை அவர் போடும் மருந்துச் சீட்டை ஒருமுறை சரிபார்த்தால் தெரியும்.

கேள்வி: நைட் டூட்டி முடிந்து பைக்கில் ராணிப்பேட்டைக்குப் போகிறேன். வழியில் கண் சொக்குகிறது. காபி குடித்துவிட்டு ஓட்டலாமா?
– பயிற்சி மருத்துவர், ராணிப்பேட்டை

பதில்: வேண்டாம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடும். நம் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பே 0.03. காபி வேலை செய்யவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். குடித்ததில் பாதி சுமார் 5 மணி நேரம் கழித்தும் உடம்பில் இருந்து, வீட்டில் தூங்கவும் விடாது. பஸ்ஸில் போங்கள். பைக்தான் என்றால் டூட்டி ரூமிலேயே ஒன்றரை மணி நேரம் தூங்கி, எழுந்து முகம் கழுவி, கால் மணி நேரம் கழித்து வண்டியை எடுங்கள். கடந்து வந்த ஒரு கிலோமீட்டர் நினைவில் இல்லையென்றால் உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

கேள்வி: எம்.டி. படிக்கும்போதே மாலையில் ஆற்காட்டில் கிளினிக் பார்க்கலாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: கூடாது. அது முழுநேரப் படிப்பு. தனி பிராக்டிஸுக்கு அனுமதி இல்லை.