உந்துபொருள் சோதனையில் சொட்டுக் கரைப்பான் போதுமா?

கேள்வி: தோட்டா, பீரங்கிக் குண்டு ஆகியவற்றின் உந்துபொருளில் கலந்துள்ள, அது சிதையாமல் காக்கும் நிலைப்படுத்தியை அளக்க, மிகக் குறைந்த கரைப்பானிலோ கரைப்பானே இல்லாமலோ பொருளைப் பிரிக்கும் ‘பசுமை நுண்பிரித்தெடுப்பு’ முறைகள் வந்துள்ளதாகப் படித்தேன். பழைய முறையைக் கைவிடும் அளவுக்கு அவற்றை நம்பலாமா?
- முதுகலை வேதியியல் மாணவி, திருச்சி

பதில்: நம்பலாம், ஆனால் பிரித்தெடுத்ததை எந்தக் கருவியில் அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே.

உந்துபொருளாகப் பயன்படும் புகையில்லா வெடிமருந்தின் அடிப்படைப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ், கிடங்கில் இருக்கும்போதே மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுகிறது; அவை சிதைவை மேலும் தூண்டுவதால், வெப்பம் பெருகித் தானாகவே தீப்பற்றும் ஆபத்து உண்டு. 1911-இல் தூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் லிபர்த்தே வெடித்ததற்கும் சிதைந்துபோன வெடிமருந்தே காரணமாகக் கூறப்படுகிறது. அந்த ஆக்சைடுகளைப் பிடித்துக்கொள்வதற்காகவே சுமார் 1 விழுக்காடு டைஃபீனைலமைனை நிலைப்படுத்தியாகச் சேர்க்கிறார்கள். அது முதலில் என்-நைட்ரோசோடைஃபீனைலமைனாகவும் பிறகு நைட்ரோ சேர்மங்களாகவும் மாறுகிறது.

இவற்றை அளக்க, அரைத்த மருந்தை, கரைப்பானைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுப் பொருளைப் பிரிக்கும் சாக்ஸ்லெட் கருவியில் டைகுளோரோமீத்தேனுடன் மணிக்கணக்கில் கொதிக்க வைப்பது பழைய வழக்கம். புற்றுநோய் அபாயமுள்ள அந்தக் கரைப்பானின் ஆவியை ஆய்வகப் பணியாளர் சுவாசிக்க நேர்வது ஒன்றே, மாற்று தேடப் போதுமான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் படித்த நுண்பிரித்தெடுப்பு முறைகள் அப்படிப்பட்ட மாற்றுகளே. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாவ்லிஷின் குழுவினர் 1990-இல் அறிமுகப்படுத்திய முறையில், பாலிமர் பூசிய மெல்லிய சிலிக்கா இழை கரைப்பானே இல்லாமல் சேர்மங்களை ஈர்த்துக்கொள்கிறது. ஈரானிய வேதியியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட முறையில், சில மைக்ரோலிட்டர் கரைப்பானை நீருக்குள் வேகமாகப் பீய்ச்சியதும் நீர் பால்போல் கலங்குகிறது. மையவிலக்கியில் சுழற்றினால், தேடிய பொருளைச் சுமந்த சிறு துளி அடியில் தங்குகிறது. தொடக்கத்தில் அதற்கும் குளோரின் கலந்த கரைப்பான்களே பயன்பட்டன என்பதால், அளவு குறைந்தது என்பதற்காக மட்டும் ஒரு முறையைப் பசுமையானது என்று சொல்லிவிட முடியாது.

இனிதான் கவனம் தேவை. நிலைப்படுத்தி திண்மத் துகளுக்குள் பொதிந்திருப்பதால், மேலே எழும் ஆவியை மட்டும் இழையில் பிடிப்பது, சுட்ட தோட்டாவின் கூட்டில் தடயம் தேடும் தடயவியலாளருக்குப் போதும். கிடங்கின் பாதுகாப்பைக் கணிக்கப் போதாது. அதற்கு மருந்தை முதலில் கரைக்கவோ ஊறவைத்துப் பிரிக்கவோ வேண்டும். பிறகு அந்த இழையை கலவையை ஆவியாக்கிக் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃபி கருவியின் சூடான நுழைவாயிலில் செருகினால், நைட்ரோசோ சேர்மம் வெப்பத்தில் உடைந்து மீண்டும் டைஃபீனைலமைனாகிவிடும். பழைய மருந்தும் புதியது போலக் கணக்குக் காட்டும். எனவே இழையில் பிடித்ததைச் சிறிதளவு மெத்தனாலில் கழுவியெடுத்து, ஆவியாக்காமல் திரவ நிலையிலேயே பிரிக்கும் திரவ குரோமட்டோகிராஃபியில் ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே அளப்பதே சரி.