கல்லூரிக் கூடைப்பந்து அணியை ஒரே ஆண்டில் புதிதாகக் கட்ட முடியுமா?

முடியும். அமெரிக்காவின் கெண்டக்கி பல்கலைக்கழக அணி அதைச் செய்துகாட்டியது. 2024 ஏப்ரலில் பயிற்சியாளர் ஜான் காலிபாரி ஆர்கன்சா அணிக்குப் போனார். 1996இல் இதே கெண்டக்கிக்குத் தேசிய சாம்பியன் பட்டம் வென்று தந்த அணியின் கேப்டன்களில் ஒருவரான மார்க் போப் அந்த இடத்துக்கு வந்தார். முந்தைய ஆண்டு கல்லூரியின் விளையாட்டு உதவித்தொகை பெற்று ஆடிய முக்கிய வீரர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ரசிகர்கள் பதறியதில் நியாயம் இருந்தது.

ஆனால் விதிகள் மாறியிருந்தன. முன்பு வேறு கல்லூரிக்கு மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு வெளியே உட்கார வேண்டும்; இப்போது படிப்புத் தகுதி இருந்தால் உடனே ஆடலாம். இப்படிக் கல்லூரி மாற வந்த வீரர்களிலிருந்து போப் அனுபவசாலிகளாகப் பொறுக்கினார்: சான் டியாகோ ஸ்டேட்டிலிருந்து லமான்ட் பட்லர், டிரெக்சலிலிருந்து அமாரி வில்லியம்ஸ், டேட்டனிலிருந்து மூன்று புள்ளி எறிவில் கெட்டிக்காரர் கோபி பிரேயா, ஓக்லஹோமாவிலிருந்து ஒட்டேகா ஓவே. பெரிய நட்சத்திரம் யாருமில்லை, ஆனால் ஒருவர் பலத்துக்கு இன்னொருவர் பொருந்தினார். நவம்பரில் பலம்வாய்ந்த டியூக் பல்கலைக்கழக அணியை 77-72 என்று வீழ்த்தினார்கள். காயங்கள் துரத்தியும் தேசியப் போட்டித் தொடரில் கடைசிப் பதினாறு அணிகளில் ஒன்றாக வந்து, டென்னசியிடம் தோற்றார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கல்லூரியில் ஆடும் தகுதி இன்னும் ஓராண்டே மிச்சமுள்ள வீரர்களை வைத்துக் கட்டினால் அடுத்த கோடையில் பாதி அணி கிளம்பிவிடும். பட்லர், வில்லியம்ஸ், பிரேயா மூவரும் அப்படித்தான் போனார்கள். ஆகவே உங்கள் அணியின் எதிர்காலத்தைக் கணிக்க, யார் வருகிறார்கள் என்பதோடு யாருக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆடும் தகுதி மிச்சம் என்றும் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.